துண்டு தொய்யக் கூடாது! – கபடி கேள்வி பதில்

கல்லூரிகளுக்கு இடையிலான போட்டிகள் நெருங்கிவிட்டன. வந்த கடிதங்களைப் பார்த்தால், வடசென்னையில் பல அணிகளுக்குக் கோச் மாறியிருக்கிறார் என்று தெரிகிறது. கேள்விகள் எல்லாமே பிடியைப் பற்றி. எதிரணிப் பாதிக்குள் பாடிப் போகும் ரைடரைப் பற்றி ஒருவர்கூடக் கேட்கவில்லை, நல்ல அறிகுறிதான்.

எங்கள் கல்லூரி அணிக்குப் புதிதாக ஒரு கோச்சும் உதவிக் கோச்சும் வந்திருக்கிறார்கள். போன வருஷம் எங்கள் ரைடர்கள் நன்றாகவே பாயிண்ட் எடுத்தார்கள். பிடியில்தான் கோட்டை விட்டோம். ஆனால் புதுக் கோச் இரண்டு வாரமாக ஒரு பிடிகூடப் போட விடவில்லை. ஆளுக்கொரு துண்டைக் கையில் கொடுத்து நடக்க விடுகிறார். சீனியர்கள் முணுமுணுக்கிறார்கள். இது சரியா?
– அணி கேப்டன், தண்டையார்பேட்டை

சரிதான் தம்பி. இன்னும் ஒரு வாரம் நீட்டினாலும் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மேட் என்கிற ஆடுகள விரிப்பின் அளவைப் பாருங்கள். ஆண்களுக்கு ஒரு பாதியின் ஆழம் 6.5 மீட்டர். நடுக்கோட்டிலிருந்து 3.75 மீட்டரில் பாக் லைன், ரைடர் தாண்டியே ஆக வேண்டிய கோடு. அதற்கு அப்பால் 1 மீட்டரில், கூடுதல் பாயிண்டுக்கான போனஸ் லைன். அதைத் தாண்டி எண்டு லைன் வரை மிஞ்சுவது 1.75 மீட்டர்தான். அகலம் 10 மீட்டர் என்று பெயர். இரண்டு பக்கமும் லாபி என்கிற ஓரப் பட்டைக்குத் தலா 1 மீட்டர் போய்விடும். ரைடரைத் தொடும் முன்பே லாபியில் கால் வைத்தால் நீங்கள் அவுட். ஆக 8 மீட்டர் அகலத்துக்குள் ஏழு பேர் நிற்கிறீர்கள்: இரண்டு ஓரத்திலும் கார்னர், உள்ளே வர வர இன், கவர், நடுவில் சென்டர். ஒரு கார்னர் அரை அடி தப்பாக நின்றால் அவர் பக்கத்து இன், அதற்கடுத்த கவர் என்று வரிசையே குலையும்.

பிடி நழுவியதும் எல்லோரும் கையைக் குறை சொல்வார்கள். "பலமாப் பிடிடா" என்று வெளியிலிருந்து கத்துவார்கள். நழுவிய பிடிகளில் பெரும்பாலானவை, கை ரைடரைத் தொடுவதற்கு ஒரு நொடி முன்பே கெட்டுப்போனவை. ரைடர் இடது பக்கம் சாய்கிறார். இடது கார்னர் பின்வாங்குகிறார். பக்கத்தில் நிற்கும் இன் பின்வாங்காமல் நின்ற இடத்திலேயே நிற்கிறார். இருவருக்கும் நடுவே இடைவெளி விழுகிறது. கார்னர் பாய்ந்து காலைப் பிடித்தாலும் துணைக்கு ஆள் வந்து சேர ஒன்றரை நொடி ஆகும். அதற்குள் ரைடர் நடுக்கோட்டில் விரலை நீட்டிவிடுவார். இதைவிட மோசம், அந்த இன் தாமதமாக வந்து ரைடரை உரசியிருந்தால் அவரும் அவுட். ஒரு பாயிண்டில் முடிய வேண்டியது இரண்டாகிவிடும்.

அதைத்தான் அந்தத் துண்டு திருத்துகிறது. ஜோடியாக நிற்கும் இருவரும் கை கோப்பதற்குப் பதில் ஏறக்குறைய 60 சென்டிமீட்டர் நீளத் துண்டின் இரண்டு முனையைப் பிடித்துக்கொள்கிறார்கள். கோச் ரைடராக உள்ளே வந்து 30 நொடி நடமாடுவார். துண்டு தொய்ந்தால் இருவரும் ஒட்டி நிற்கிறார்கள், ஒரே கால் வீச்சில் இரண்டு பேரையும் ரைடர் தொட்டுவிடலாம். துண்டு கையை விட்டு இழுபட்டால் விலகி நிற்கிறார்கள், நடுவில் புகுந்துவிடலாம். 30 நொடி நடை, 30 நொடி ஓய்வு, இப்படி எட்டுச் சுற்று. மூன்றாவது சுற்றிலேயே தொடை எரியும், ஏனென்றால் முட்டி மடக்கியே நடக்க வேண்டும். சீனியர்களின் முணுமுணுப்புக்கு உண்மைக் காரணம் அந்த எரிச்சலாகவும் இருக்கலாம்!

இதோடு இன்னொன்றையும் கோச்சிடம் கேளுங்கள். எண்டு லைனுக்கு அரை மீட்டர் முன்னால் நிறம் வேறான டேப் ஒன்றை ஒட்டச் சொல்லுங்கள். கார்னரின் பின்னங்குதிகால் அந்த டேப்பைத் தாண்டிப் பின்னால் போகக் கூடாது. தாண்டிவிட்டால் அடுத்த அடி தானாகவே வெளியே விழும். சும்மா அவுட் ஆகும் கார்னர்கள் எல்லா அணியிலும் ஒருவராவது உண்டு.

கோச் இரண்டு பேர் இருப்பது உங்கள் அதிர்ஷ்டம். ஒருவர் இடது பக்க மூவரின் காலை மட்டும் பார்க்கட்டும், மற்றவர் வலது பக்க மூவரை. நடுவில் நிற்கும் சென்டரை இருவரும் பார்க்கலாம். ஒரே ஆள் ஏழு பேரையும் பார்க்கிறேன் என்றால் கடைசியில் ரைடரைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்.

மூன்றாவது வாரம் ஜோடிப் பிடி, நான்காவது வாரம் மூவர் பிடி, அதன் பிறகு ஏழு பேரும் சேர்ந்து. வரிசை இதுதான். ஆறு வாரம் கிடைத்தால் போதும்.

நான் லெஃப்ட் கார்னர். ஆங்கிள் ஹோல்ட், அதாவது கணுக்கால் பிடிதான் என் பலம் என்பார்கள். ஆனால் மேட்டில் பத்துக்கு ஆறு நழுவுகிறது. ஒருமுறை முகத்தில் உதையும் வாங்கினேன். எங்கே தப்பு?
– இரண்டாம் ஆண்டு மாணவர், காசிமேடு

உதை வாங்கியதை நீங்கள் சொன்னதே பாதிப் பதில். தலை தப்பான இடத்தில் இருந்திருக்கிறது.

முதலில் நேரம். ரைடர் விரல் நுனியால் தொட்டுப் பார்க்கக் காலை நீட்டும்போது அந்தக் காலில் எடையே இருக்காது. எடை முழுக்கப் பின்காலில். நீட்டிய காலைச் சுண்டி இழுத்துக்கொள்வது அவருக்குச் சுலபம். அப்போது பாய்ந்தால் காற்றைப் பிடிப்பீர்கள். போனஸுக்கு வரும்போது கதை வேறு. முன்கால் போனஸ் லைனைத் தாண்டி ஊன்ற வேண்டும், பின்கால் அந்தரத்தில் இருக்க வேண்டும், அப்போதுதான் போனஸ். அதாவது உடம்பு முழுக்க அந்த ஒரே காலில் நிற்கும் தருணம் அது. அந்தக் காலைத் தூக்கவே முடியாது. உங்கள் பிடிக்கான நேரம் அதுதான்.

அடுத்தது இறங்கும் விதம். இடுப்பை வளைத்துக் குனிகிறவர்களுக்குத் தலை முன்னே போகும், முகம் ரைடரின் முட்டிக்கு நேரே வரும். முட்டியை மடக்கி இறங்குங்கள். ஒரு முட்டி மேட்டைத் தொடட்டும். உங்கள் காது ரைடரின் கெண்டைக்காலின் வெளிப்பக்கத்தில் ஒட்ட வேண்டும். முட்டிச் சில்லுக்கு முன்னால் ஒருபோதும் முகம் வரக் கூடாது.

கை: ஒரு உள்ளங்கை குதிகாலுக்கு மேலே, பின் நரம்பு இருக்கும் இடத்தில். இன்னொன்று முன்பக்கம், பாதமும் காலும் சேரும் மடிப்பில். கட்டைவிரலைக் குழாயைப் பிடிப்பது போலச் சுற்றிப் போடாதீர்கள், மற்ற விரல்களோடு சேர்த்து வையுங்கள். வியர்வையில் கால் சுழலும்போது முதலில் பிசகுவது கட்டைவிரல்தான். பிடித்ததும் பின்னால் மட்டும் இழுத்தால் ரைடர் மறுகாலில் நொண்டியபடியே கோட்டுக்குப் போவார். மேலே தூக்கி, உங்கள் நெஞ்சுக்கு இழுத்து, இடுப்பை எண்டு லைன் பக்கம் இறக்குங்கள். மூன்றும் ஒரே அசைவு.

இவ்வளவும் சரியாகச் செய்தும் நழுவுகிறது என்றால் தப்பு உங்களுடையது இல்லை. பக்கத்து இன் ஒரு நொடிக்குள் வந்து இடுப்பைக் கட்ட வேண்டும். கவர் ரைடருக்கும் நடுக்கோட்டுக்கும் நடுவே நெஞ்சைக் கொடுத்து நிற்க வேண்டும். கவர்கள் செய்கிற பெரிய பிழை, எல்லோரும் விழும் இடத்திலேயே தாங்களும் போய் விழுவது. ரைடர் போக நினைக்கும் வழியில்தான் அவர் நிற்க வேண்டும்.

பள்ளி அணியையும் கல்லூரி அணியையும் கவனிக்கிறேன். முன்னேற்றம் இருக்கிறதா என்று எதை வைத்துச் சொல்வது? ஸ்கோர் ஷீட் போதுமா?
– உடற்கல்வி ஆசிரியர், திருவொற்றியூர்

போதாது ஐயா. ஸ்கோர் ஷீட்டில் விளைவுதான் இருக்கும், காரணம் இருக்காது. ஒரு கோடு போட்ட நோட்டில் நான்கு கட்டம் போடுங்கள். பிடி எந்த நொடியில் தொடங்கியது, தொடங்கியவர் யார், ஒரு நொடிக்குள் துணைக்கு வந்தவர்கள் எத்தனை பேர், முடிவு என்ன. போனை எண்டு லைனுக்குப் பின்னால், ஆள் உயரத்தில் வைத்து எடுத்தால், கை கோத்து நிற்கும் சங்கிலி முழுவதும் தெரியும். பக்கவாட்டில் வைத்தால் ஒருவரை ஒருவர் மறைப்பார்கள்.

ஐந்து மேட்ச் எழுதிப் பார்த்தால் ஒன்று கண்ணில் படும். ரைடர் உள்ளே வந்து முதல் 10 நொடிக்குள், ஆழமாக வராதபோதே போட்ட பிடிகள் நிறையப் பாழாகியிருக்கும். பெரும்பாலும் கவர்களின் அவசரம். ரைடுக்கு 30 நொடி இருக்கிறது. காலியாகத் திரும்பிப் போனால் உங்களுக்கு நஷ்டம் எதுவும் இல்லை. அந்த அணிக்கு அடுத்தடுத்து இரண்டு காலி ரைடு போனால் மூன்றாவதில் வருகிறவர் பாயிண்ட் எடுத்தே ஆக வேண்டும், இல்லாவிட்டால் அவுட். நாமே போய் விழுவதைவிட அவர்களை அந்த மூன்றாவது ரைடுக்குத் தள்ளுவது மேல். "போனஸ் லைனைத் தாண்டினால் ஒழிய, 20 நொடிக்கு முன் கவர் தொடக் கூடாது" என்று பயிற்சியில் ஒரு மாதம் கண்டிப்பாகச் சொல்லிப் பாருங்கள்.

எங்கள் கணக்கில், முயன்ற பிடிகளில் பாதி நின்றால் கல்லூரி மட்டத்தில் அது நல்ல அணி. ஆனால் அந்த எண்ணிக்கையைவிட, துணைக்கு வந்தவர் கட்டத்தை முதலில் பாருங்கள். அங்கே பூஜ்யமும் ஒன்றும் குறைந்து இரண்டும் மூன்றும் கூடினால் வேலை நடக்கிறது என்று அர்த்தம். வெற்றி கொஞ்சம் தாமதமாக வந்து சேரும்.

அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பால் பார்க்கிறேன். பந்தையே தொடாமல் முன்வரிசையில் ஐந்து பேர் மோதிக்கொண்டே இருக்கிறார்கள். "புதுக் கோச் வந்ததும் லைன் தேறிவிட்டது" என்று வர்ணனையில் சொல்கிறார்கள். நம் கபடிச் சங்கிலி மாதிரிதானா அது?
– வாசகர், பெரம்பூர்

நல்ல கண் உங்களுக்கு. நடுவில் சென்டர், இரு புறமும் கார்டு, அதற்கு வெளியே டேக்கிள், ஆக ஐந்து பேர். சட்டை எண் 50 முதல் 79 வரை. முன்னோக்கி வீசப்படும் பாஸை அவர்கள் சாதாரணமாகப் பிடிக்க முடியாது. பந்தோடு நிற்கும் குவார்ட்டர்பேக்கைக் காப்பதும், ஓடுகிறவருக்கு வழி திறப்பதும்தான் வேலை. பெயர் தலைப்புச் செய்தியில் வராது. 2015 முதல் அங்கே கொடுக்கப்படும் ஜோ மூர் விருது ஒரு தனி ஆளுக்கு இல்லை, அந்த வருடத்தின் சிறந்த லைன் முழுவதுக்கும். இதிலிருந்தே தெரிந்துகொள்ளலாம், ஐந்து பேரைப் பிரித்து மதிப்பிட முடியாது என்று.

அங்கேயும் புதுக் கோச் முதலில் கைவைப்பது காலில். பந்து அசைந்ததும் முதல் இரண்டு அடி எந்தத் திசையில், எவ்வளவு சிறிதாக என்பதைத்தான் மாதக்கணக்கில் திருத்துவார்கள். அடுத்து உயரம்: எதிராளியின் தோளுக்குக் கீழே இவர் தோள் இருக்க வேண்டும், நிமிர்ந்தவர் தள்ளப்படுவார். மூன்றாவதுதான் கை, எதிராளியின் நெஞ்சுக்கு உள்பக்கமாக. எதிர் வரிசையில் இருவர் இடம் மாறி உள்ளே புகுந்தால் கார்டும் டேக்கிளும் ஆளை விரட்டாமல் அவரவர் இடத்தில் நின்று, வருகிறவரைக் கைமாற்றிக்கொள்ள வேண்டும். நம் கார்னரும் பக்கத்து இன் ஆளும் ரைடரைக் கைமாற்றுவது போலத்தான். வசந்தகாலப் பயிற்சிக்கு அவர்களுக்கு 15 அமர்வுதான் அனுமதி, அதனால் எதை விடுவது என்று தெரிந்த கோச்தான் தேறுவார்.

வித்தியாசமும் உண்டு. அங்கே லைன்காரர்கள் 135 கிலோ, 140 கிலோ சாதாரணம். நம் சீனியர் ஆண்கள் பிரிவில் 85 கிலோ தாண்டினால் களத்துக்கே வர முடியாது. இன்னொன்று, அங்கே எதிராளியைப் பிடித்து இழுத்தால் 10 கஜம் அபராதம். இங்கே பிடிக்காவிட்டால்தான் அபராதம்!

மூன்று பேர் மிஞ்சும்போது எங்கள் அணி பதறிவிடுகிறது. சூப்பர் டேக்கிளுக்கு எப்படி நிற்க வேண்டும்? புதுக் கோச் மேடம் ஒரு மாதிரி சொல்கிறார், பழைய கோச் வேறு மாதிரி சொல்லியிருந்தார்.
– மகளிர் கல்லூரி மாணவி, ராயபுரம்

இரண்டு பேர் சொல்வதிலும் உண்மை இருக்கலாம் அம்மா. அடிப்படையைச் சொல்கிறோம். மூன்று பேரோ அதற்குக் குறைவாகவோ மிஞ்சும்போது ரைடரைப் பிடித்தால் அதுதான் சூப்பர் டேக்கிள். உங்கள் மேட் 12க்கு 8. ஒரு பாதி 6 மீட்டர் ஆழம், பாக் லைன் 3 மீட்டரில், போனஸ் லைன் 4 மீட்டரில். லாபி போக அகலம் 6 மீட்டர். மூன்று பேருக்கு இது பெரிய இடம் இல்லை, பதற வேண்டாம்.

ஐந்து பேரோ அதற்குக் குறைவாகவோ இருந்தால் போனஸ் கிடையாது. ஆகவே ரைடர் தொட்டே ஆக வேண்டும். இரண்டு கார்னரும் ஒரு கவரும் நில்லுங்கள். கவர் நடுவில் இல்லை, பலவீனமான கார்னர் பக்கம் ஒரு அடி சாய்ந்து. ரைடரை நீங்கள் தேடிப் போகாதீர்கள். அவர் ஒரு கார்னரை நோக்கித் திரும்பியதும் மறு கார்னர் அவர் முதுகுப் பக்கமாக மெல்ல ஏறி வர வேண்டும். பிடியைத் தொடங்குவது யார் என்பதை ரைடுக்கு முன்பே பேசி வையுங்கள். "நீ", "நான்" என்று ஒரு சொல் போதும். மூவரும் ஒரே நேரத்தில் பாய்ந்து நழுவினால் மூவரும் அவுட், கூடவே ஆல் அவுட்டுக்கு 2 பாயிண்ட். பிடி நின்றால் உங்களுக்கு 2 பாயிண்ட், ஆனால் உள்ளே திரும்பி வருவது ஒருவர்தான். இதை மறந்து, இரண்டு பேர் வருவார்கள் என்று மனக்கணக்குப் போட்டுவிடுகிறார்கள்.

பயிற்சியில் இதை எப்போதும் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள், களைத்த பிறகு. மேட்சில் மூன்று பேர் மிஞ்சுவது களைத்த நேரத்தில்தானே.

புதுக் கோச் வந்ததும் பழைய ஆட்களை மாற்றிவிட வேண்டுமா?
– வாசகர், வியாசர்பாடி

அவசியம் இல்லை. 2022 புரோ கபடி லீக்கில் தமிழ் தலைவாஸைப் பாருங்கள். பெரிய விலைக்கு எடுத்த ரைடர் பவன் ஷெராவத் முதல் மேட்சிலேயே முட்டி அடிபட்டு வெளியேறினார். சீசன் நடுவில் கோச்சாக அஷன் குமார் வந்தார். கார்னர்களில் சாகரும் சாஹிலும் முந்தைய சீசனிலிருந்தே ஜோடி. புதுக் கோச் அந்த ஜோடியைக் கலைக்கவில்லை. அந்த வருடம்தான் தலைவாஸ் முதல்முறையாக அரையிறுதிக்குப் போனது. கார்னர் ஜோடி என்பது சேர்ந்து நின்று நின்று பழகியது. புது ஆளைக் கவரில் போட்டுப் பாருங்கள், கார்னரைக் கடைசியாகத் தொடுங்கள்.

மகன் கார்னர் ஆடுகிறான். பயிற்சியில் மேலே ஆள் விழுந்து முட்டியில் "டக்" என்று சத்தம் கேட்டதாம். ஒரு மணி நேரத்தில் வீங்கிவிட்டது. இரண்டு நாளில் வீக்கம் குறைந்து நடக்கிறான். மறுபடி ஆடலாமா?
– தந்தை, கொருக்குப்பேட்டை

ஆட விடாதீர்கள். சத்தமும் உடனடி வீக்கமும் சேர்ந்து வந்தால் முட்டிக்குள் இருக்கும் தசைநார் கிழிந்திருக்க வாய்ப்பு அதிகம். நேராக நடப்பதற்கு அந்த நார் பெரிதாகத் தேவைப்படாது, திரும்பும்போதுதான் தேவை. அதனால்தான் நடக்க முடிகிறது. இப்போது ஆடினால் உள்ளே இருக்கும் ஜவ்வும் சேர்ந்து கிழியலாம். எண்ணெய் போட்டு உருவுவது, இழுத்துக் கட்டுவது எதுவும் வேண்டாம். ஸ்டான்லி அரசு மருத்துவமனையின் எலும்புப் பிரிவில் காட்டுங்கள். எக்ஸ்ரேயில் தசைநார் தெரியாது. ஸ்கேன் தேவையா என்று டாக்டர் முட்டியை அசைத்துப் பார்த்துச் சொல்வார்.

மணலில் ஆடிப் பழகிய பையன்கள். மேட்டுக்கு வந்ததும் வழுக்குகிறது என்கிறார்கள். ஷூ வாங்கினால் சரியாகுமா?
– உதவிக் கோச், எண்ணூர்

ரப்பர் பிடிப்புள்ள மேட் ஷூ கட்டாயம் வேண்டும், ஆனால் அதுவே பிரச்சினையும் ஆகும். மணலில் கால் சுழலும்போது மணல் விலகிக் கொடுக்கும். மேட்டில் ஷூ பிடித்துக்கொள்ளும், முட்டிதான் சுழலும். முதல் பத்து நாள் ஷூவோடு கால் நகர்த்தும் பயிற்சி மட்டும் கொடுங்கள், திரும்பும்போது குதிகாலைத் தூக்கித் திரும்பப் பழக்குங்கள்.

வழுக்குவதற்கு ஷூ மட்டும் காரணம் இல்லை. கடலோரத்து ஈரக் காற்றில், தகரக் கூரைக்குக் கீழே, அரை மணியில் மேட்டில் வியர்வை தேங்கும். காலை 6 மணிக்கே ஆரம்பியுங்கள். இரண்டு உலர்ந்த பருத்தித் துணி வைத்துக்கொண்டு, ஒவ்வொரு பத்து நிமிடத்துக்கும் போனஸ் லைனுக்குப் பின்னால் இருக்கும் பகுதியைத் துடையுங்கள். கார்னர்கள் விழுவது அங்கேதான். துடைக்கும்போதே மேட் துண்டுகளின் இணைப்பை விரலால் தடவிப் பாருங்கள். ஒரு விரல் நுழையும் இடைவெளி இருந்தால் ஆட்டத்தை நிறுத்தி, தட்டிச் சேர்த்துவிட்டுத் தொடருங்கள். ஷூ முனை மாட்டுவது அதில்தான்.